தெரியாத பூங்காவில் ட்ரெயில் ஓட்டம்: என்ன கோளாறு, எங்கே பார்ப்பது

ட்ரெயில் ஓட்டம் என்பது காட்டிலும் மலையிலும் உள்ள மண் பாதைகளில் ஓடுவது. பழகின பாதையில் ஓடும்போது பாதி வேலையை ஞாபகமே பார்த்துக்கொள்ளும். எந்த வளைவுக்கு அப்புறம் ஏற்றம், எந்த இடத்தில் வேர் நீட்டிக்கொண்டிருக்கும், தண்ணீர்க் குழாய் எங்கே என்று எதையும் யோசிக்க வேண்டியதில்லை. புதுப் பூங்காவில் அந்தத் துணை கிடையாது. அங்கே ஏதாவது சரியாக அமையாவிட்டால் முதலில் நம்மையே சந்தேகப்படுகிறோம். பயிற்சி போதவில்லை, நேற்று சரியாகத் தூங்கவில்லை, வயசாகிறது என்று ஏதேதோ தோன்றும். பெரும்பாலும் காரணம் அது இல்லை, இடம் நமக்குப் புதுசு என்பதுதான். அதனால் கீழே உள்ள எல்லாவற்றிலும் முதலில் தரையைப் பார்க்கச் சொல்கிறேன், அப்புறம்தான் உடம்பு.

எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். வழி தவறுவது பற்றிய பகுதியை மட்டும் கிளம்பும் முன்பே ஒருமுறை படித்துவிடுங்கள். அது தேவைப்படும் இடத்தில் பெரும்பாலும் சிக்னல் இருக்காது.

மேப்பில் கோடு இருக்கிறது, தரையில் பாதை இல்லை

ஓட்டத்துக்கும் நடைக்கும் நாம் பயன்படுத்தும் ஆப்களில் பலவற்றுக்கு அடிப்படை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004இல் தொடங்கிய இந்த வரைபடத்தை உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் வரைகிறார்கள். ஒரு பாதையை யாராவது நேரில் நடந்து பதிந்திருக்கலாம், செயற்கைக்கோள் படத்தில் மங்கலாகத் தெரிந்ததைப் பார்த்தும் வரைந்திருக்கலாம். பூங்கா பராமரிக்கும் ஒற்றையடிப்பாதை, மிருகங்கள் நடந்து நடந்து உண்டான தடம், மரம் ஏற்ற வண்டி போன பழைய வழி என்று எல்லாமே திரையில் ஒரே புள்ளிக்கோடாகத் தெரியும்.

எனவே நுழைவாயிலில் உள்ள பலகையை விடாதீர்கள். முழுப் பலகையையும் ஒரு படம், நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் புள்ளியும் அளவுகோலும் தெளிவாகத் தெரியும்படி கிட்டத்தில் இன்னொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: பலகையின் மேல்பக்கம் வடக்காகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பலகையின் முன் நிற்பவருக்கு நேர் எதிரே இருப்பதை மேலே வரும்படி வரைந்த பலகைகள் நிறைய உண்டு. போன் மேப் வடக்கை மேலே வைக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் முதல் பிரிவிலேயே இடது வலதாகிவிடும்.

வேறொருவர் பகிர்ந்த ஜிபிஎக்ஸ் கோப்பை (ஓடும் வழியைக் கோடாகச் சேமித்த கோப்பு) வைத்து ஓடுகிறீர்கள் என்றால், கிளம்பும் முன் ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவில் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு லேசாக நடுங்கி நடுங்கிப் போனால் யாரோ உண்மையில் கால் பதித்து ஓடியது. வளைவுகளை நேர்க்கோட்டில் வெட்டிக்கொண்டு போனால் உட்கார்ந்த இடத்தில் வரைந்தது. இரண்டாவது வகையை நம்பி சரிவில் இறங்காதீர்கள்.

மேப், பலகை, தரை ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போனால் தொடரலாம். "பாதை மூடப்பட்டுள்ளது" என்ற அறிவிப்பு மட்டும் விதிவிலக்கு. அது இருந்தால் மற்ற இரண்டும் என்ன சொன்னாலும் போகக் கூடாது. மண்சரிவு, மரம் வெட்டுதல், பறவைகள் கூடு கட்டும் காலம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம், உள்ளே போன பிறகுதான் தெரியும்.

வேகம் படுமோசமாகக் காட்டுகிறது

வாட்ச் ஒரு கிலோமீட்டருக்கு ஆறு நிமிஷம் என்கிறது, அடுத்த நொடி பத்து என்கிறது. முதலில் கருவியைப் பாருங்கள். திறந்த வானத்தின் கீழ் போனின் ஜிபிஎஸ் ஏறக்குறைய 5 மீட்டர் துல்லியத்தில் இடத்தைச் சொல்லும். அடர்ந்த மரங்களின் கீழும் பாறைச் சுவர்களின் ஓரத்திலும் சிக்னல் தடுக்கப்பட்டும் எதிரொலித்தும் வருவதால் பிழை கூடும். மெதுவாக ஓடும்போது அந்தச் சில மீட்டர் பிழையே வேகக் கணக்கைத் தலைகீழாக்கப் போதும். நெருக்கமான கொண்டை ஊசி வளைவுகளில் வாட்ச் மூலைகளை வெட்டிவிடும், அதனால் தூரம் பலகையில் உள்ளதைவிடக் குறைவாக வரும். இந்த இடங்களில் அந்தந்த நொடியின் வேகத்தைப் பார்ப்பதில் பயனே இல்லை. திரையில் அதை எடுத்துவிட்டு, கிளம்பி எவ்வளவு நேரம் ஆயிற்று, எவ்வளவு ஏறியாயிற்று என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவி சரி, வேகம் உண்மையிலேயே குறைவு என்றால் அடுத்து சரிவைப் பாருங்கள். 2002இல் ஆய்வாளர் மினெட்டியும் அவருடைய குழுவினரும் சரிவுகளில் ஓடுவதற்கு ஆகும் ஆற்றலை அளந்து வெளியிட்டார்கள். சமதளத்தில் ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் நகர்த்த சுமார் 3.4 ஜூல் ஆகிறது. 45 சதவீத ஏற்றத்தில் (100 மீட்டர் முன்னே போனால் 45 மீட்டர் உயரும் சரிவில்) அது சுமார் 18.9 ஜூல், அதாவது ஐந்து மடங்குக்கும் மேல். இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது சமதள வேகத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. 20 சதவீத இறக்கம்வரை செலவு குறைந்துகொண்டே வருகிறது, அதைவிடச் செங்குத்தானால் உடம்பைப் பிடித்து நிறுத்தவே சக்தி செலவாகி மறுபடி கூடுகிறது. செங்குத்தான இறக்கமும் ஏன் களைப்பூட்டுகிறது என்பதற்குப் பதில் இதுதான்.

கிளம்பும் முன் நேரத்தைக் கணக்கிட ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதி இன்றும் கைகொடுக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். அது நடப்பவர்களுக்கான விதி. நாம் அதைவிட வேகமாகத்தான் போவோம், ஆனாலும் தெரியாத இடத்துக்கு முதல்முறை போகும்போது அதையே மொத்த நேரமாக வைத்துக்கொள்வது நல்லது. மேப் பார்க்க, பிரிவில் நிற்க, தவறான பக்கம் போய்த் திரும்ப ஆகும் நேரமெல்லாம் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும்.

ஏற்றத்தில் ஒரு முழு வாக்கியம் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் நடங்கள். ஓட்டப் பந்தயங்களில் முன்னணியில் ஓடுபவர்களும் செங்குத்தான ஏற்றத்தில் நடக்கத்தான் செய்கிறார்கள்.

அடிக்கடி கால் தட்டுகிறது

உங்கள் பார்வை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். புது இடத்தில் பயத்தில் கண் தானாகக் காலடிக்கு வந்துவிடும். அப்படிப் பார்த்தால் தடை தெரியும்போதே கால் அதன்மேல் இருக்கும். மூன்று நான்கு எட்டு தள்ளிப் பாருங்கள். இப்போது கால் வைக்கும் இடத்தை மூளை ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கும்.

அடுத்தது வெளிச்சம். மரங்களுக்கிடையே வெயிலும் நிழலும் திட்டுத்திட்டாக விழும் இடத்தில் ஒரு வேரின் நிழலும் வேரும் ஒன்றாகத் தெரியும். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். வெயிலிலிருந்து அடர்ந்த நிழலுக்குள் நுழையும் முதல் சில விநாடிகளில் கண் பழகும்வரை எட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தரை. ஈரமான பாறையைக் கண்டால் எல்லோரும் கவனமாகிவிடுகிறார்கள். என் அனுபவத்தில் அதைவிட மோசமானது ஈரமான மரம்: பட்டை உரிந்து வழவழப்பான வேர், பாசி படிந்த பலகைப் பாலம். பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கிடக்கும் வேரின்மேல் கால் வைத்தால் பாதம் வேரின் வாட்டத்திலேயே வழுக்கிக்கொண்டு போகும். அதைத் தாண்டி வையுங்கள். தாண்ட முடியாவிட்டால் பாதத்தின் நடுப்பகுதியைச் சட்டென்று வைத்து எடுங்கள், அதன்மேல் உந்தாதீர்கள். பாலத்தில் நடங்கள். சருகு மூடிய பாதையில் குழி தெரியாது. சருகு எந்த இடத்தில் மட்டும் தடிமனாகக் குவிந்திருக்கிறதோ அங்கேதான் பள்ளம், காற்றும் மழைநீரும் சருகை அங்கே கொண்டு சேர்த்திருக்கும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் பிற்பாதியில் மட்டும் தட்டினால் அது களைப்பு. கால்விரல் நுனி போதிய அளவு உயரவில்லை. ஏதாவது சாப்பிட்டு, ஐந்து நிமிஷம் நடந்து, எட்டைச் சிறிதாக்கித் தொடங்குங்கள்.

இறக்கத்தில் பெருவிரல் ஷூ முனையில் முட்டுகிறது

ஷூ சின்னது என்ற முடிவுக்கு உடனே வந்துவிட வேண்டாம். பெரும்பாலும் குதிகால் பிடிப்பில்லாமல் பாதம் முன்னால் சரிகிறது. ஷூவின் மேல்பகுதியில் கணுக்கால் ஓரமாக ஒரு கூடுதல் துளை இருக்கும், பலரும் அதைப் பயன்படுத்துவதே இல்லை. லேஸை அதே பக்கத்து அந்தத் துளையில் வெளியிலிருந்து உள்ளே விட்டு ஒரு சிறு வளையம் விடுங்கள். இரண்டு பக்கமும் அப்படிச் செய்து, ஒவ்வொரு முனையையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள் நுழைத்து, குதிகாலைப் பின்னுக்கு அழுத்தி, கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். பாதத்தின் முன்பகுதியில் லேஸ் தளர்வாகவே இருக்கட்டும். இந்த ஒரு மாற்றத்துக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது, நீண்ட இறக்கத்துக்கு முன் நின்று செய்வது நகத்தைக் காப்பாற்றும்.

பின்னால் சாய்ந்து, குதிகாலை ஊன்றி ஊன்றி இறங்குவதும் இதே வலியைத் தரும். வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாததால்தான் அப்படிப் பிரேக் போடுகிறோம். எட்டைப் பாதியாக்கி, கால்களை வேகமாக மாற்றிப் போட்டால் எந்த நொடியிலும் நிற்க முடியும், பிரேக் தேவைப்படாது.

தொடை நடுங்குவது, மறுநாள் படி இறங்க முடியாமல் வலிப்பது வேறு விஷயம். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது, அதில் நுண்ணிய சேதம் உண்டாகிறது. வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வந்து குறைந்துவிடும். ஒருமுறை இந்தச் சுமையைத் தாங்கிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே அளவு சேதப்படாது. பெரிய இறக்கம் உள்ள பூங்காவுக்குப் போகும் திட்டம் இருந்தால் அதற்குச் சில வாரம் முன்பே ஒரு சின்ன இறக்கத்தில் ஓடி வைப்பது இதனால்தான்.

பிரிவில் நின்று எந்தப் பக்கம் என்று தெரியவில்லை

மரத்தில் உள்ள வண்ணக் குறிகளைப் படிக்கத் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். அந்தந்த இடத்துக்கு ஒரு முறை உண்டு, பலகையில் அதற்கான விளக்கம் இருக்கும். பிரான்ஸின் நெடுந்தூரப் பாதைகளில் வெள்ளைக்குக் கீழே சிவப்புப் பட்டை இருந்தால் சரியான வழி, அந்த இரண்டும் பெருக்கல் குறியாக இருந்தால் அந்தப் பக்கம் போகாதே என்று பொருள். அமெரிக்கப் பாதைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பட்டைகள் இருந்தால் திருப்பம் வருகிறது, மேல்பட்டை எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். ஒரே நிறத்தைப் பின்தொடர்ந்து வரும்போது குறிகளின் இடைவெளியை மனதில் வையுங்கள். வழக்கமாக வரும் தூரத்தைப் போல இரண்டு மடங்கு ஓடியும் அடுத்த குறி வரவில்லை என்றால் நின்று திரும்புங்கள்.

போய்விட்டு அதே வழியில் திரும்புபவர்களுக்கு ஒரு பொறி உண்டு. நாம் ஓடும் பாதையில் பின்பக்கத்திலிருந்து சாய்வாக வந்து சேரும் இன்னொரு பாதை போகும்போது கண்ணிலேயே படாது. நமக்கு அது நேரான பாதைதான். திரும்பி வரும்போது அதே இடம் இரண்டாகப் பிரிந்து நிற்கும், எதிலிருந்து வந்தோம் என்று நினைவே இருக்காது. பாதை கொஞ்சம் அகலமானாலோ தரையின் நிறம் மாறினாலோ தலையைத் திருப்பிப் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். சந்தேகமான இடத்தில் திரும்பும் திசையைப் போனில் ஒரு படம் எடுங்கள். இதைவிட நல்ல பழக்கத்தை ட்ரெயில் ஓட்டத்தில் நான் யாருக்கும் சொன்னதில்லை.

களைப்பும் பனிமூட்டமும் சேர்ந்தால் கைதேர்ந்தவர்களுக்கும் இது நடக்கிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஃப்ரோசன் ஹெட் மாநிலப் பூங்காவில் நடக்கும் பார்க்லி மாரத்தானில் 2017இல் கேரி ராபின்ஸ் கடைசிச் சுற்றின் முடிவை நெருங்கும்போது பனிமூட்டத்தில் தவறான பாதையில் இறங்கினார். கடைசி இரண்டு மைல் பாதை விட்டுப்போய், தவறான பக்கத்திலிருந்து வாயிலுக்கு வந்து சேர்ந்தார், அதுவும் 60 மணி நேரக் கெடு முடிந்து 6 விநாடி கழித்து. அந்தப் பூங்காவில் பலமுறை ஓடியவர் அவர். முதல்முறை வந்த நாம் பிரிவில் அரை நிமிஷம் நிற்பதற்குத் தயங்கவே வேண்டாம்.

வழி தவறிவிட்டது

எப்படித் தெரியும்? பாதை திடீரென்று குறுகுகிறது. கிளைகள் முகத்தில் உரசுகின்றன. சிலந்தி வலை அறுபடாமல் குறுக்கே இருக்கிறது, அப்படியென்றால் இன்று இந்த வழியாக யாரும் வரவில்லை. மண்ணில் ஷூ தடம் இல்லை. மேப்பில் ஏற வேண்டிய இடத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறோம். இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்ததும் நில்லுங்கள். "இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம்" என்று தோன்றும், அந்தக் கொஞ்சம்தான் சிறிய தவறைப் பெரிதாக்குவது. வழி தவறின முதல் இரண்டு நிமிஷத்தில் நின்றவர் இரண்டு நிமிஷத்தில் திரும்பிவிடலாம்.

நின்றதும் மணி பாருங்கள். தண்ணீர் குடியுங்கள். மூச்சு சீராகட்டும். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: கடைசியாக எந்த இடம்வரை சந்தேகமே இல்லாமல் இருந்தேன்? பலகை, பாலம், பெஞ்ச், வண்ணக் குறி என்று ஏதாவது ஒன்று இருக்கும். அங்கிருந்து எத்தனை நிமிஷம் ஓடினேன்? அந்த இடத்துக்கு வந்த வழியாகவே திரும்புவதுதான் மருந்து. வாட்சில் வந்த வழியைத் திருப்பிக் காட்டும் வசதி இருந்தால் இப்போது போடுங்கள். குறுக்கே புகுந்து "அந்தப் பக்கம்தான் பாதை இருக்கும்" என்று போகாதீர்கள்.

நாம் நேராகத்தான் போகிறோம் என்ற நம்பிக்கையை நம்பக் கூடாது என்பதற்கு ஆய்வே இருக்கிறது. ஜெர்மனியின் பீன்வால்ட் காட்டிலும் துனீசியாவின் சஹாராவிலும் ஆட்களை நேராக நடக்கச் சொல்லி ஜிபிஎஸ் வைத்துப் பின்தொடர்ந்த யான் சவ்மன் குழு முடிவை 2009இல் வெளியிட்டது. சூரியன் தெரிந்தபோது ஓரளவு நேராக நடந்தார்கள். மேகம் மூடியபோது வட்டமடித்து, தங்கள் பாதையையே வெட்டிக்கொண்டு போனார்கள், அது அவர்களுக்குத் தெரியவும் இல்லை. கண்ணைக் கட்டி நடக்கவிட்டபோது சிலருடைய வட்டம் 20 மீட்டர் குறுக்களவுக்குள் அடங்கியது. அடர்ந்த மரங்களுக்குள் சூரியன் தெரியாத நேரத்தில் நம் திசையறிவும் இப்படித்தான்.

திரும்பும் வழியும் புரியவில்லை என்றால் நிற்கும் இடத்தைப் போனில் குறித்து, கண்ணில் படும்படி ஒரு துணியைக் கட்டுங்கள். ஒரு திசையில் ஐந்து நிமிஷம் நடந்து பார்த்து அதே இடத்துக்குத் திரும்புங்கள், அப்புறம் அடுத்த திசை. துணி கண்ணிலிருந்து மறையும் முன் அடுத்த அடையாளம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓடை வழியே இறங்கினால் ஊர் வரும் என்று சொல்வார்கள். ஓடை அருவியாக விழும் இடமும் பாறை இடுக்கும் உள்ள சரிவில் அது ஆபத்தான யோசனை.

போன் விஷயத்தில் மூன்று செய்திகள். ஒன்று, ஜிபிஎஸ்ஸுக்கு நெட்வொர்க் தேவையில்லை. மேப்பை முன்பே இறக்கி வைத்திருந்தால் விமானப் பயன்முறையிலும் நீங்கள் இருக்கும் இடம் தெரியும், முதல்முறை இடத்தைப் பிடிக்க மட்டும் கொஞ்சம் நேரமாகும். இரண்டு, சிக்னல் இல்லாத இடத்தில் டவரைத் தேடித் தேடியே பேட்டரி தீரும். விமானப் பயன்முறையில் வைத்து, மேடான இடத்துக்கு வந்ததும் எடுத்துப் பாருங்கள். உதவிக்குச் சொல்லிவிட்டீர்கள் என்றால் அதற்கப்புறம் அணைக்க வேண்டாம். மூன்று, பேச முடியாத மெல்லிய சிக்னலிலும் குறுஞ்செய்தி போய்விடும்.

அவசர எண் பல நாடுகளில் 112. போகும் இடத்தின் எண் எது என்று முன்பே பார்த்து வையுங்கள். உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் டவர் எட்டினால் பெரும்பாலும் அவசர அழைப்பு போகும். இடத்தைச் சொல்லும்போது மேப்பில் உங்கள் புள்ளியை அழுத்திப் பிடித்து அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஒவ்வொரு இலக்கமாகப் படியுங்கள். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் சொன்னாலே சுமார் 11 மீட்டருக்குள் உங்களைக் கண்டுபிடித்துவிடலாம். சொன்ன பிறகு இடத்தை விட்டு நகராதீர்கள். விசில் இருந்தால் ஒரு நிமிஷத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிஷம் விட்டு, மறுபடி ஆறு. ஆல்ப்ஸ் மலைகளில் வழங்கும் அபாயக் குறி இது, பதில் நிமிஷத்துக்கு மூன்று விசிலாக வரும். கத்துவதைவிட விசில் வெகுதூரம் கேட்கும், தொண்டையும் வற்றாது.

இயற்கை உபாதைக்காகப் பாதையை விட்டு ஒதுங்குபவர்களும் இதைப் படிக்க வேண்டும். 2013இல் அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையில் ஒரு பெண்மணி அதற்காக ஒதுங்கியபோது திரும்பும் வழியைத் தவறவிட்டு உயிரிழந்தார், 2015இல்தான் அவருடைய உடல் கிடைத்தது. பையைப் பாதையோரம் வைத்துவிட்டு, அது கண்ணில் படும் தூரத்துக்குள் ஒதுங்குங்கள். போன் கையில் இருக்கட்டும்.

நேரம் போதாது, இருட்டப் போகிறது

மரங்களின் கீழ் சூரிய அஸ்தமனத்துக்கு வெகுமுன்பே இருட்டிவிடும். பள்ளத்தாக்கில் இன்னும் சீக்கிரம். கையை நீட்டி, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவில் விரல்களைப் படுக்கை வசத்தில் அடுக்கிப் பாருங்கள். ஒரு விரலுக்குச் சுமார் 15 நிமிஷம் என்பது தோராயமான கணக்கு. அடிவானத்தில் மலை இருந்தால் மலை உச்சியிலிருந்து அளக்க வேண்டும்.

திரும்பும் நேரத்தைக் கிளம்பும்போதே முடிவு செய்யுங்கள். நேரத்தில் பாதி போவதற்கு, பாதி வருவதற்கு என்பது சமமான பூங்காவுக்குச் சரி. வாகனம் நிறுத்தின இடம் மேலே இருந்து, ஓட்டம் பள்ளத்தாக்குக்குள் இறங்கிப் போவதாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஆனதுமே திரும்பிவிடுங்கள். வாயில் பூட்டும் நேரமும் பலகையில் இருக்கும். அஸ்தமனத்தைவிட அது முன்னதாக இருந்தால் அதுதான் உங்கள் கெடு.

பகல் ஓட்டத்துக்கும் ஒரு சின்ன ஹெட்லேம்ப் எடுத்துப் போங்கள். தலையில் கட்டினால் வெளிச்சம் பார்வையின் திசையிலேயே போவதால் மேடுபள்ளத்தின் நிழல் தெரியாது, தரை தட்டையாகத் தோன்றும். கழற்றி இடுப்பு உயரத்தில் பிடித்தால் ஒவ்வொரு கல்லின் நிழலும் நீண்டு விழுந்து ஆழம் தெரியும். போன் விளக்கை நம்பி அதன் பேட்டரியைக் காலி செய்யாதீர்கள்.

தண்ணீர் தீர்ந்துவிட்டது, தலை வலிக்கிறது

தண்ணீரைக் கிலோமீட்டரில் கணக்குப் போட்டதுதான் பெரும்பாலும் தவறு. மணிக்கு 400 முதல் 800 மில்லி என்று தொடங்கலாம், வெயிலுக்கும் உடம்புக்கும் ஏற்ப மாறும். சாலையில் ஒரு மணி நேரம் எடுக்கும் தூரம் இங்கே இரண்டு மணி நேரம் எடுக்கலாம். மேப்பில் உள்ள குழாய்க் குறியை நம்பிக் கிளம்பாதீர்கள். கண்ணால் பார்க்காதவரை அந்தக் குழாயில் தண்ணீர் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தலைவலியும் குமட்டலும் தண்ணீர் குறைந்தாலும் வரும், அளவுக்கு மீறிக் குடித்து ரத்தத்தில் சோடியம் குறைந்தாலும் வரும். விரல்கள் வீங்கி, வயிறு தளும்பி, நிறையக் குடித்த நினைவும் இருந்தால் இரண்டாவதாக இருக்கலாம். அப்போது மேலும் தண்ணீர் குடிப்பது நிலைமையைக் கெடுக்கும். நிறுத்தி, நடந்து, வாந்தியோ குழப்பமோ வந்தால் உடனே மருத்துவ உதவி.

கூட ஓடுபவர் வெயிலில் உளறுகிறார், தள்ளாடுகிறார் என்றால் அதை வெப்ப அதிர்ச்சியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போயிருக்கும். நிழல், உடம்பு முழுக்கத் தண்ணீர், விசிறி. ஓடையில் படுக்க வைக்க முடிந்தால் தலையைத் தாங்கிக்கொண்டு படுக்க வையுங்கள். குளிர வைப்பதை உடனே தொடங்க வேண்டும், ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நினைவு தெளிவாக இல்லாதவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள்.

கணுக்கால் மடங்கிவிட்டது

உட்காருங்கள், வலியின் முதல் வேகம் அடங்கட்டும். எழுந்து நான்கு எட்டு வைத்துப் பாருங்கள். மருத்துவர்கள் 1992 முதல் பயன்படுத்தும் ஒட்டாவா விதிகளிலும் இந்த நான்கு எட்டு உண்டு. வைக்கவே முடியவில்லை, அல்லது கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் கூர்மையாக வலிக்கிறது என்றால் எலும்பு முறிவாக இருக்கலாம், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நடக்க முடிந்தால் ஷூவைக் கழற்றாதீர்கள். வீக்கம் வந்த பிறகு மறுபடி போட முடியாமல் போகும். லேஸை இறுக்கி, ஒரு கம்பை ஊன்றி, மேப்பில் மிகக் கிட்டத்தில் உள்ள சாலைக்கு நடங்கள். வாகனம் இருக்கும் இடத்தைவிடச் சாலை பக்கத்தில் இருக்கலாம்.

எதிரே மிருகம், காலடியில் பாம்பு

காதில் மாட்டிய இசையைப் புது இடத்தில் எடுத்துவிடுங்கள், பாதிச் சந்திப்புகளை ஒலியே முன்கூட்டிச் சொல்லிவிடும். பெரிய மிருகத்தின் முன் திரும்பி ஓடாதீர்கள். நின்று, அதை ஓரக்கண்ணில் வைத்தபடி மெல்லப் பின்வாங்குங்கள். எந்த மிருகத்துக்கு எப்படி நடக்க வேண்டும் என்ற அறிவிப்பு பலகையில் இருந்தால் அதுவே சரி. தேனீக்கள் துரத்தினால் மட்டும் நிற்காமல் ஓட வேண்டும், முகத்தை மூடிக்கொண்டு, வாகனத்துக்கோ கட்டடத்துக்கோ.

பாம்பு கடித்தால் வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடித்த காலை அசைக்காமல் வைத்து, மோதிரமோ கொலுசோ இருந்தால் கழற்றி, உதவிக்கு அழையுங்கள். பாம்பைத் தேடிப் போய்ப் படம் எடுக்க வேண்டாம்.

வந்து சேர்ந்த பிறகு

உண்ணி உள்ள பகுதி என்றால் முட்டியின் பின்புறம், இடுப்பு, அக்குள், காதோரம் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுண்ணிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள், எண்ணெய் தடவவோ சூடு வைக்கவோ வேண்டாம். எங்கே போகிறோம் என்று சொல்லி வந்தவருக்கு வந்துவிட்டதாகத் தகவல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் உதவிக்கு ஆள் அழைத்துவிடுவார், அழைப்பதுதான் சரியும்கூட.

அப்புறம் உங்கள் ஓட்டப் பதிவு. அதை மற்றவர்களுக்குப் பகிர்வதாக இருந்தால் முதலில் திறந்து, தவறான பக்கம் போய்த் திரும்பின பகுதிகளை வெட்டிவிடுங்கள். அடுத்து அந்தப் பூங்காவுக்குப் புதிதாக வருபவர் உங்கள் கோட்டைத்தான் இறக்கிக்கொண்டு வரப்போகிறார். தரையில் இல்லாத பாதை ஒன்றை மேப் காட்டியிருந்தால் அதையும் திருத்தலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அந்த இடத்தில் ஒரு குறிப்பு விடலாம்: எந்தத் தேதியில் வந்தேன், எந்த இடத்துக்கு அப்பால் பாதை இல்லை என்ற இரண்டு வரி போதும்.